சின்ன இ-காமர்ஸ் பாதுகாப்புக் கம்பெனியின் பங்கை எடைபோடுவது எப்படி? ரிஸ்கிஃபைடை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இணையக் கடைகளை மோசடியிலிருந்து காக்கும் சிறிய கம்பெனிகளைப் பற்றி முதலீட்டாளர்கள் பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் தொழில்நுட்பத்தைச் சுற்றியே ஓடும். அல்காரிதம் எவ்வளவு துல்லியம், எத்தனை பேட்டன்ட், எவ்வளவு டேட்டா சேர்ந்திருக்கிறது என்று. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் பணம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. திருட்டுக் கார்டு ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது? அதைச் சுமப்பதற்கு அவருக்கு எவ்வளவு கூலி கிடைக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் இந்தத் துறையில் ஒரு பங்கைக்கூட வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரிஸ்கிஃபைட் என்ற கம்பெனியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தலைமையகம் இஸ்ரேலின் தெல் அவிவ். 2021 ஜூலையில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது, ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு வெளியீடு) விலை 21 டாலர். 2022 முடியும்போது பங்கு ஐந்து டாலருக்கும் கீழே இருந்தது. விற்பனையோ வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருந்தது: 2021இல் சுமார் 229 மில்லியன் டாலர், 2022இல் 261, 2023இல் 298, 2024இல் 327. விற்பனை ஏற ஏறப் பங்கு இறங்கியது ஏன் என்று புரிந்துகொண்டால், இந்த வகைக் கம்பெனி எதையும் படிக்கத் தெரிந்துவிடும். இங்கே வரும் எண்கள் 2024 வரையிலானவை. நீங்கள் கணக்குப் போடும்போது புதிய அறிக்கையில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: நஷ்டம் ஓடும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்

அமெரிக்காவில் ஒருவருடைய கிரெடிட் கார்டு எண்ணைத் திருடி வேறொருவர் இணையத்தில் ஷூ வாங்குகிறார். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியிடம் "இது நான் வாங்கியதில்லை" என்கிறார். அமெரிக்கச் சட்டப்படி அவருடைய பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்காரரிடமிருந்து பிடித்துக்கொள்ளும். இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். கடைக்காரருக்குப் பொருளும் போனது, பணமும் போனது, மேலே ஒரு அபராதக் கட்டணமும் வந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு. 100 டாலர் ஷூவுக்குக் கடைக்காரரின் அடக்கம் 70 டாலர் என்று வைப்போம். ஒரு மோசடி ஆர்டர் போனால் அந்த 70ஐ ஈடுகட்ட இரண்டு, மூன்று நல்ல ஆர்டர்களின் லாபம் வேண்டும். அதனால் பயந்த கடைக்காரர் சந்தேகமாகத் தெரியும் ஆர்டரையெல்லாம் தள்ளிவிடுவார். அதில் நேர்மையான வாடிக்கையாளரும் சேர்ந்து போவார். அவர் திரும்பி வரமாட்டார். இந்த இரண்டாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பல கடைகளுக்கு மோசடியைவிடப் பெரியதும் இதுதான். இந்தத் துறைக் கம்பெனிகள் விற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நஷ்டத்துக்கான மருந்தைத்தான்.

படி 2: கம்பெனி எதற்குக் கூலி வாங்குகிறது என்று பாருங்கள்

இங்கே மூன்று வகை உண்டு. சில கம்பெனிகள் சாஃப்ட்வேரை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கும், முடிவு கடைக்காரருடையது, நஷ்டமும் அவருடையது. சில கம்பெனிகள் ஒவ்வொரு ஆர்டருக்கும் மதிப்பெண் போட்டுக் கொடுத்து, ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்கும். மூன்றாவது வகை, முடிவையும் எடுத்து, தவறினால் நஷ்டத்தையும் ஏற்கும். ரிஸ்கிஃபைடின் முக்கியத் தொழில் இந்த மூன்றாவது. ஆர்டரை அது ஏற்றுக்கொண்டால் மட்டுமே கடைக்காரர் கட்டணம் தருவார். ஏற்ற ஆர்டர் பிறகு மோசடி என்று தெரிந்தால் ரிஸ்கிஃபைட் பணம் கொடுக்கும். பொருள் வந்து சேரவில்லை, உடைந்திருந்தது போன்ற தகராறுகள் இந்த உத்தரவாதத்துக்குள் வராது.

தாராளமாக ஏற்றால் கட்டணம் கூடும், நஷ்டமும் கூடும். இறுக்கிப் பிடித்தால் நஷ்டம் குறையும், ஆனால் கட்டணமும் குறைந்து கடைக்காரரும் முறைத்துக்கொள்வார். வெளிப்பார்வைக்கு இது சாஃப்ட்வேர் கம்பெனி. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பாதி இன்ஷூரன்ஸ் கம்பெனி. பங்குச் சந்தை 2021இல் இதற்கு சாஃப்ட்வேர் விலை கொடுத்தது, பிறகு இன்ஷூரன்ஸ் பக்கத்தைக் கவனித்தது. விலை சரிந்ததற்கு ஒரு பெரிய காரணம் இது என்று நான் நினைக்கிறேன். 2022இல் வட்டி விகிதம் ஏறி பல சின்னத் தொழில்நுட்பப் பங்குகள் விழுந்தது இன்னொரு காரணம்.

படி 3: நூறு டாலருக்கு எத்தனை சென்ட் என்று பிரியுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. மற்றதையெல்லாம் விரைவாகப் பார்த்தாலும் இங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

ரிஸ்கிஃபைட் தன் அறிக்கையில் ஜிஎம்வி என்று ஓர் எண்ணைத் தரும். அது பரிசோதித்த ஆர்டர்களின் மொத்த மதிப்பு. தள்ளிவிட்ட ஆர்டர்களும் இதில் சேரும் என்பதை மறக்காதீர்கள். 2021இல் இது சுமார் 89 பில்லியன் டாலர், 2024இல் சுமார் 141 பில்லியன். வருமானத்தை இதனால் வகுத்தால், 2021இல் ஒவ்வொரு நூறு டாலர் ஆர்டருக்கும் சுமார் 26 சென்ட் கிடைத்திருக்கிறது. 2024இல் சுமார் 23 சென்ட்.

அதாவது அளவு கூடியது, கூலி விகிதம் குறைந்தது. இதற்கு நல்ல விளக்கமும் உண்டு, கெட்ட விளக்கமும் உண்டு. பெரிய கடைகள் சேர்ந்தால் மொத்த விலையில் தள்ளுபடி கேட்பார்கள். மோசடி குறைவான துறையிலிருந்து ஆர்டர் கூடினால் கட்டணமும் குறைவாகத்தான் இருக்கும். அது பரவாயில்லை. போட்டியாளருக்குப் பயந்து விலையைக் குறைத்தால் அது கவலைப்பட வேண்டியது. எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க மொத்த லாப விகிதத்தை (சார்ஜ்பேக் போன்ற நேரடிச் செலவு மட்டும் போக வருமானத்தில் மிஞ்சுவது) கூடவே வைத்துப் பாருங்கள். கட்டணம் குறைந்தபோது சார்ஜ்பேக் செலவும் அதே அளவு குறைந்திருந்தால் ஆர்டர்களின் தன்மை மாறியிருக்கிறது என்று பொருள். கட்டணம் மட்டும் குறைந்திருந்தால் விலைப்போர். இந்தக் கம்பெனியின் மொத்த லாபம் இத்தனை ஆண்டுகளாக வருமானத்தில் சுமார் பாதி என்ற அளவிலேயே இருந்திருக்கிறது. ஆகவே விலைப்போர் தொடங்கிவிட்டது என்று 2024 வரையிலான எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த 23 சென்டில் ஏறக்குறைய 11 சென்ட் நேரடிச் செலவு. அதில் பெரும்பகுதி சார்ஜ்பேக், மிச்சம் கிளவுட் வாடகை போன்றவை. இப்போது ஒரு சோதனை. மோசடிக்காரர்கள் ஒரு புது உத்தியைக் கண்டுபிடித்து, நூறு டாலருக்கு வெறும் மூன்று சென்ட் கூடுதல் நஷ்டம் வந்தது என்று வைப்போம். 141 பில்லியனுக்கு அது சுமார் 42 மில்லியன் டாலர். 2024இல் கம்பெனி காட்டிய சரிக்கட்டிய எபிட்டா லாபம் (வட்டி, வரி, தேய்மானம், ஊழியர்களுக்குப் பங்காகத் தரும் சம்பளம் போன்றவற்றைக் கணக்கில் எடுக்காத லாபம்) முழுவதும் சுமார் 17 மில்லியன்தான். ஆக மூன்று சென்ட் தவறினால் அந்த லாபம் போய், அதைவிடப் பெரிய நஷ்டம் வந்து நிற்கும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். இரண்டு சென்ட் மிச்சம் பிடித்தால் அந்த லாபம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இந்தப் பங்கை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இந்த இரண்டு மூன்று சென்டின் மேல் உள்ள நம்பிக்கையைத்தான்.

படி 4: நஷ்டம் தாமதமாக வரும் என்பதைக் கணக்கில் எடுங்கள்

இன்றைக்கு ஏற்ற ஆர்டருக்குக் கட்டணம் முதலில் வரும். சார்ஜ்பேக்கோ வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். கார்டு நெட்வொர்க்குகள் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் தருகின்றன. அதனால் கம்பெனி ஒரு மதிப்பீடு செய்து, வரப்போகும் சார்ஜ்பேக்குக்கு ஒதுக்கீடு வைக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் இந்த ஒதுக்கீடு தனி வரியாகவே இருக்கும். விற்பனை வேகமாக ஏறும்போது இந்த ஒதுக்கீடும் ஏறுகிறதா என்று பாருங்கள். விற்பனை 20 சதவீதம் ஏறி ஒதுக்கீடு அப்படியே இருந்தால், மோசடியைக் கணிக்கும் கம்பெனியின் மாடல் நன்றாக வேலை செய்திருக்கலாம், அல்லது மதிப்பீடு நம்பிக்கையாகப் போடப்பட்டிருக்கலாம். அடுத்த இரண்டு காலாண்டுகள் பதில் சொல்லிவிடும்.

ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடாதீர்கள். நவம்பர், டிசம்பர் பண்டிகை விற்பனையால் நான்காம் காலாண்டு எப்போதும் பெரிது. போன வருடத்தின் அதே காலாண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

புதிய துறைகளையும் கவனிக்க வேண்டும். ஆடை, காலணி விற்பனையில் வருடக்கணக்காகப் பழகிய மாடல், பணப் பரிமாற்றம் அல்லது டிக்கெட் விற்பனைக்குப் போகும்போது அங்குள்ள திருடர்களின் பழக்கம் அதற்குத் தெரியாது. முதல் சில மாதங்கள் சார்ஜ்பேக் கூடும். கம்பெனியே இதை ஒளிக்காமல் சொல்கிறது. "புதுத் துறை, படிப்படியாகச் சரியாகும்" என்ற விளக்கம் ஒரு முறை வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். அது எந்தத் துறை என்று குறித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்தும் அதே துறைக்கு அதே விளக்கம் வந்தால் ஏற்க வேண்டியதில்லை.

படி 5: இரண்டு லாபக் கணக்குகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அளவிடுங்கள்

2024இல் சரிக்கட்டிய எபிட்டா 17 மில்லியன் லாபம். அதே வருடம் கணக்கியல் விதிப்படி நிகர நஷ்டம் சுமார் 35 மில்லியன். நடுவில் உள்ள 52 மில்லியன் எங்கே போனது? பெரும்பகுதி ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த சம்பளம். ரொக்கம் வெளியே போகவில்லைதான். ஆனால் அந்தப் பங்குகள் உங்கள் பங்கின் பாத்தியதையைக் குறைக்கின்றன. கம்பெனி சந்தையிலிருந்து பங்குகளைத் திரும்ப வாங்குகிறதே என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் திரும்ப வாங்கியதில் எவ்வளவு புதுசாகக் கொடுத்ததை ஈடுகட்டவே போனது, மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை உண்மையில் குறைந்ததா என்பதைப் பார்த்துவிட்டு மகிழலாம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அந்த எண்ணிக்கை இருக்கும்.

நிகர நஷ்டம் 2022இல் 104 மில்லியன், 2023இல் 59, 2024இல் 35 என்று இறங்கி வந்திருப்பதை நான் உண்மையான முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

படி 6: யார் இந்தச் சந்தையையே இல்லாமல் செய்துவிட முடியும் என்று யோசியுங்கள்

மற்ற சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையானதில்லை. இங்கே ஓர் அரசாணையோ, ஒரு பெரிய கம்பெனியின் இலவச அறிவிப்போ சந்தையின் ஒரு பகுதியைத் துடைத்துவிடும்.

இந்தியாவையே பாருங்கள். 2009 ஆகஸ்டிலிருந்து இணையக் கார்டுப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி வைத்துவிட்டது. நமக்கு ஓடிபி பழகிப்போனது அதனால்தான். இப்படிச் சரிபார்த்த பரிவர்த்தனையில் மோசடிப் பொறுப்பு பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். கடைக்காரருக்கு நஷ்டமே இல்லாத இடத்தில் உத்தரவாதம் வாங்க யார் வருவார்? ஐரோப்பாவில் இதே போன்ற விதி 2019 செப்டம்பரில் வந்து, இணைய வணிகத்துக்கு 2020 முடிவு வரை அவகாசம் தரப்பட்டது. ஆனால் அங்கே மோசடி விகிதம் குறைவாக இருந்தால் சிறு விலக்கு கேட்கலாம். அந்த விலக்கைப் பெற்றுத் தருவதும் இந்தக் கம்பெனிகளுக்கு ஒரு தொழிலானது. விதி ஒரு கதவை அடைத்து இன்னொன்றைத் திறந்தது என்பதால் ஐரோப்பாவை முழு நஷ்டமாக எழுதிவிடத் தேவையில்லை. அமெரிக்காவில் இப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால்தான் இந்தத் தொழிலின் பெரும்பங்கு அங்கே இருக்கிறது, ஆபத்தும் அங்கேயே குவிந்திருக்கிறது.

அடுத்தது பெரிய தளங்கள். இணையக் கடைகளுக்குப் பணம் வாங்கிக் கொடுக்கும் ஸ்ட்ரைப் 2016இல் ரேடார் என்ற மோசடித் தடுப்பைத் தன் பேமென்ட் சேவைக்குள்ளேயே வைத்தது. இணையக் கடை நடத்தும் தளமான ஷாப்பிஃபை 2022இல், ஷாப் பே என்ற தன் பேமென்ட் முறையில் வரும் தகுதியுள்ள ஆர்டர்களுக்குக் கூடுதல் கட்டணமில்லாமல் சார்ஜ்பேக் பாதுகாப்பு தர ஆரம்பித்தது. சின்னக் கடைகளின் சந்தை இதனால் சுருங்கிவிட்டது. ரிஸ்கிஃபைட் பெரிய கடைகளையே குறிவைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே கடை பல பேமென்ட் கம்பெனிகளோடு வேலை செய்யும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காவல் அதற்குத் தேவைப்படும். தனியார் கைகளில் உள்ள சிக்னிஃபைட், ஃபோர்ட்டர் இரண்டும் இதே கடைகளின் கதவைத்தான் தட்டுகின்றன.

சந்தை எப்படி நகர்ந்துவிடும் என்பதற்கு சைபர்கேஷை விட நல்ல பாடம் இல்லை. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. கார்டு மெஷின் செய்த வெரிஃபோனின் நிறுவனர் வில்லியம் மெல்டன், இணையத்தின் ஆரம்பகாலப் பொறியாளர் ஸ்டீவ் கிராக்கர் போன்றவர்கள் சேர்ந்து தொடங்கியது. இணையத்தில் கார்டுப் பணம் பத்திரமாகப் போவதற்கு நல்ல குறியாக்கம் வைத்திருந்தார்கள். 1996 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது வரவேற்பு பிரமாதம். ஆனால் வாங்குபவர் தன் கணினியில் ஒரு வாலட் சாஃப்ட்வேரை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் எடுபடவில்லை. பிரவுசரிலேயே இருந்த எஸ்எஸ்எல் என்ற குறியாக்கம் மக்களுக்குப் போதுமானதாக இருந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து கொண்டுவந்த செட் என்ற தரமும் இதே காரணத்தால் படுத்துவிட்டது. சில்லறைத் தொகைகளுக்கான சைபர்காயினும் ஓடவில்லை. 2000 ஜனவரியில், அவர்கள் வாங்கியிருந்த ஐசிவெரிஃபை சாஃப்ட்வேரின் பழைய பதிப்புகள் ஆண்டு மாற்றக் கோளாறால் சில கடைகளில் ஒரே தொகையை இரண்டு முறை பிடித்தன. 2001 மார்ச்சில் திவால் மனு. சொத்தின் பெரும்பகுதியை வெரிசைன் வாங்கியது, பிறகு வெரிசைனின் பேமென்ட் தொழிலை 2005இல் பேபால் வாங்கியது.

சைபர்கேஷின் குறியாக்கத்தை யாரும் உடைத்து அந்தக் கம்பெனி விழவில்லை. "போதுமான அளவு நல்லது" இலவசமாகக் கிடைத்தபோது "மிக நல்லது" விலைபோகவில்லை. ஒரு சின்னக் கம்பெனியின் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம், இவர்கள் விற்பதன் போதுமான பதிப்பை யார் இலவசமாகக் கொடுக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வாடிக்கையாளர் பட்டியல்

முதல் பத்து வாடிக்கையாளரிடமிருந்து (இங்கே வாடிக்கையாளர் என்பது கடைகள்) வருமானத்தில் எத்தனை சதவீதம் வருகிறது, யாராவது பத்து சதவீதத்தைத் தாண்டுகிறார்களா, பழைய வாடிக்கையாளர் போன வருடத்தைவிட அதிகம் செலவிட்டார்களா. ரிஸ்கிஃபைட் வெளிநாட்டுக் கம்பெனி என்ற முறையில் தாக்கல் செய்த 20-எஃப் என்ற வருட அறிக்கையில் இவற்றைத் தேடலாம். பழைய வாடிக்கையாளரின் செலவு போன வருடத்தின் நூறு சதவீதத்துக்குக் கீழே போனால், வளர்ச்சி முழுவதும் புதிதாகப் பிடித்தவர்களால் வருகிறது என்று பொருள். புதியவர்கள் புதுத் துறையிலிருந்து வரலாம், அங்கே மாடலுக்கு அனுபவம் குறைவு என்பதைப் படி 4இல் பார்த்தோம். ஆகவே இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள்.

படி 8: அதிகாரம் யார் கையில், வாங்க வருபவர் யார்

ரிஸ்கிஃபைடின் நிறுவனர்கள், ஆரம்ப முதலீட்டாளர்கள் கையில் உள்ள பி வகைப் பங்குக்குப் பத்து ஓட்டு. உங்களுக்கும் எனக்கும் கிடைக்கும் ஏ வகைக்கு ஒன்று. பெரிய கம்பெனி ஏதாவது நல்ல விலைக்கு வாங்கிவிடும் என்ற நம்பிக்கையில் பங்கு வாங்குகிறவர்கள், பி வகைப் பங்கு வைத்திருப்பவர்கள் சம்மதிக்காமல் அது நடப்பது கடினம் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

அந்த நம்பிக்கைக்கு வரலாற்று ஆதாரம் உண்டு என்பதும் உண்மை. மோசடித் தடுப்புக் கம்பெனிகளைப் பெரியவர்கள் வாங்கியிருக்கிறார்கள். பேபால் ஃப்ராட் சயின்சஸை 2008இல் 169 மில்லியனுக்கும், சிமிலிட்டியை 2018இல் 120 மில்லியனுக்கும் வாங்கியது. விசா 2010இல் சைபர்சோர்ஸுக்குச் சுமார் இரண்டு பில்லியன் கொடுத்தது. ஈக்விஃபாக்ஸ் 2021இல் கவுண்ட்டை 640 மில்லியனுக்கு எடுத்தது. வாங்கியவர்களைக் கவனித்தால் எல்லாரும் பேமென்ட் அல்லது கடன்தகவல் கம்பெனிகள். அவர்களுக்கு டேட்டா வேண்டும். மற்றவர்களின் மோசடி நஷ்டத்தைச் சுமக்கும் உத்தரவாதப் பொறுப்பு அவர்களுக்கு அதே அளவு இனிக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதனால் வாங்கப்படும் வாய்ப்புக்காக மட்டும் நான் கூடுதல் விலை கொடுக்கமாட்டேன்.

படி 9: விலை

2024 முடிவில் பங்கு ஐந்து டாலருக்குச் சற்றுக் கீழே. சந்தை மதிப்பு முக்கால் பில்லியன் டாலரை ஒட்டி. கையில் ரொக்கமும் முதலீடுகளுமாகச் சுமார் 370 மில்லியன், கடன் இல்லை. கழித்தால் தொழிலுக்கு மட்டும் சந்தை கொடுத்த விலை சுமார் 400 மில்லியன். வருட மொத்த லாபம் சுமார் 170 மில்லியன். ஆக, மொத்த லாபத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.

விலையை விற்பனையோடு ஒப்பிடாமல் மொத்த லாபத்தோடு ஒப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்பனையில் பாதி சார்ஜ்பேக்காகவும் செலவாகவும் திரும்பிப் போய்விடும் கம்பெனியை, எண்பது சதவீத மார்ஜின் உள்ள சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பக்கத்தில் வைத்து "விற்பனையில் இவ்வளவு மடங்குதானே, மலிவு" என்று சொல்வது தவறான கணக்கு. அந்த ரொக்கத்தையும் முழுசாகக் கழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். உத்தரவாதம் கொடுக்கும் கம்பெனியை நம்பிக் கடைக்காரர் கையெழுத்துப் போடுவதே அந்த ரொக்கம் அங்கே இருப்பதால்தான். அதில் ஒரு பகுதியைத் தொழிலுக்குத் தேவையான முதலாகவே வைத்து, பாதியை மட்டும் கழித்துப் பாருங்கள். அப்போது மேலே சொன்ன மடங்கு மூன்றைத் தாண்டும். அந்த விலைக்கும் உங்களுக்குச் சம்மதமா என்று முடிவு செய்யுங்கள்.

படி 10: வாங்கும் முன் விற்கும் நிபந்தனையை எழுதுங்கள்

ஒரே தாள் போதும். நான் எழுதுவது இப்படி இருக்கும். சார்ஜ்பேக் செலவின் விகிதம், போன வருடத்தின் அதே காலாண்டைவிடத் தொடர்ந்து இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் ஒரே துறையைக் காரணம் சொன்னால் விற்பேன். பங்குகளின் எண்ணிக்கை திரும்ப வாங்கியும் குறையவில்லை என்றால் புதிதாக வாங்கமாட்டேன். பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள வாடிக்கையாளர் போனால், காரணம் என்னவாக இருந்தாலும் கணக்கை முதலிலிருந்து போடுவேன்.

2025 ஏப்ரலில் விசாவும் மாஸ்டர்கார்டும், மனிதருக்குப் பதிலாக ஏஐ ஏஜென்ட் பொருள் வாங்கிப் பணம் கட்டும் திட்டங்களை அறிவித்திருக்கின்றன. வாங்குபவர் விசைப்பலகையில் தட்டும் விதம், பக்கத்தில் உலாவும் விதம் எல்லாம் மோசடியைக் கண்டுபிடிக்க இதுவரை உதவிய தடயங்கள். அந்த இடத்தில் ஒரு நிரல் வந்து நின்றால் பழைய தடயங்களில் பல பயனற்றுப் போகும். இதைப் பற்றி நிர்வாகம் கான்கால்களில் (காலாண்டு முடிவுகளை முதலீட்டாளர்களுக்கு விளக்கும் தொலைபேசிக் கூட்டங்களில்) பேசும்போது பெருமைப் பேச்சை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏஜென்ட் வழியாக வரும் ஆர்டர்களுக்கும் அதே உத்தரவாதத்தை, அதே கட்டணத்தில் கொடுக்கிறார்களா, இல்லை ஒப்பந்தத்தில் அவற்றைத் தனியாகப் பிரிக்கிறார்களா என்று.